குப்புறப் படுத்தவரிடம் சொன்ன காற்று

கண்ணில் அறுவைச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இரண்டு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும். உள்ளே விட்ட வாயுக்குமிழ் அப்போதுதான் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். வருடக்கணக்காக நெடுஞ்சாலையில் பேருந்து ஓட்டியவருக்கு அது சிறைவாசம். இன்னொரு கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேருந்து ஓட்ட இரண்டும் வேண்டும்.

மனைவி காற்றாலை நிறுவனத்தில் பொறியாளர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா கிடந்தா பைத்தியம் பிடிக்குது. நீ என்ன பண்றேன்னாவது சொல்லேன்" என்றார், தலையணைக்குள்ளிருந்து.

அவள் சொன்னாள். முன்வரிசைக் காற்றாலை காற்றின் வேகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் காற்று சோர்ந்து, சுழன்று, குழம்பிப் போகிறது. பின்வரிசைக் காற்றாலைக்கு அந்த எச்சில் காற்றுதான்.

"லாரிக்குப் பின்னாடி போனா வண்டி ஆடுமே, அதானே?"

"கிட்டத்தட்ட அதான். முன்னாடி நிக்கிறதைக் கொஞ்சம் சாய்வா திருப்பி வச்சா, குழம்பின காத்து ஒதுங்கிப் போயிடும். முன்னாடி உள்ளதுக்குக் கொஞ்சம் நஷ்டம், பின்னாடி உள்ளதுக்கு அதைவிட லாபம். கணக்கு அப்படித்தான் வரணும். வர மாட்டேங்குது."

"ஏன்?"

அவள் தயங்கினாள். "காத்தைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சுத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நான் கட்டத்தைப் பெருசா வச்சிருக்கேன். சுழல் எல்லாம் அதுல கரைஞ்சு காணாமப் போயிடுது."

"சின்னதா வைக்க வேண்டியதுதானே?"

"ஆபீஸ்ல உக்காந்து பெரிய மெஷின்ல ஓட்டணும். கணக்கு முடியற வரைக்கும் மெஷின் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, அவர் கைபேசியைத் தடவி எடுத்துத் தன் அக்காவை அழைத்தார்.

அக்கா வாய் ஓயாதவள். அவள் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே நழுவுவதுதான் அவர் வழக்கம். இப்போது நழுவ வழியில்லை. மறுநாள் பையோடு வந்து இறங்கியவள், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோர் கதையையும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, இவங்களை நீங்களா கூப்பிட்டீங்க?" என்று மனைவி காதருகே குனிந்து கேட்டாள்.

"ஆமா. நீ கிளம்பு. நான் சமாளிச்சுக்கறேன்."

அவர் பிடரியைக் கொஞ்ச நேரம் வருடிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

சிறு கட்டங்களில் கணக்கு ஓடிமுடியப் பல நாளானது. திரையில் சுழல்கள் பிரிந்து, நெளிந்து, மெல்ல விலகிப் போயின. லாபம் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனாலும் லாபம். மேலாளர் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, உண்மையான காற்றாலை ஒன்றைத் திருப்பிப் பார்க்கலாம் என்றார்.

அந்த மகிழ்ச்சியை வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணைப் பரிசோதித்த மருத்துவரின் முடிவு வந்துவிட்டது. பார்வை பாதிதான் திரும்பியிருக்கிறது. படிக்கலாம், நடக்கலாம். பேருந்து கிடையாது.

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்காவும் அன்று வாயைத் திறக்கவில்லை. மனைவி அவர் தோளில் தலைசாய்த்து அப்படியே இருந்தாள்.

காற்றாலையைத் திருப்பிப் பார்க்கும் சோதனை நாளன்று அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். காரை அவள்தான் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

முன்வரிசைக் காற்றாலை தலையை மெதுவாகத் திருப்பியது. பின்னால் நின்றதன் மின்சார அளவு அவள் கைபேசியில் ஏறத் தொடங்கியது. அவள் கண் கலங்கியது.

"சின்னக் கட்டம்" என்றார் அவர்.

"ஆமாங்க."

திரும்பும் வழியில் மேட்டில் வண்டி முனகியது. கியர் மேலிருந்த அவள் கைமீது அவர் கையை வைத்தார்.

"இப்ப மாத்து. அவசரப்படாதே." வண்டி சீராக ஏறியது. "டிப்போல புது டிரைவருங்களுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டிருக்காங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"போறீங்களா?"

"நீ ஓட்டறதைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். உன்னை மாதிரி நான் சொல்லித்தர வேண்டியவங்க நிறையப் பேர் இருக்காங்க."

அவள் சிரித்தாள். அவர் கையை எடுக்கவில்லை.