நாலாம் எண் பதில்

...இல்லை, முதலில் மற்ற கடிதங்களை முடித்துவிட வேண்டும், அதுதான் முறை, வாழ்த்துக்கு ஒன்றாம் எண் பதில், நிலம் கேட்பவர்களுக்கு இரண்டு, வேலை கேட்பவர்களுக்கு மூன்று, காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு நாலு, இருபத்திரண்டு வருடமாக இந்த மேஜையில் நான் மாற்றாத வரிசை, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது, மத்தியானத் தபால் கட்டில் பதினேழு கடிதம், பதினாறு முடிந்தது, பதினேழாவது அக்காவுடையது. பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது, விலாசத்தின் கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவள் அவள் ஒருத்திதான். மாண்புமிகு தலைவர் அவர்கள், அதற்கடியில் ஒரு கோடு. தலைவர் அவர்கள் இந்தக் கட்டிடத்துக்குள் காலை வைத்து எட்டு வருடமாகிறது, படுக்கையோடு இருக்கிறார் என்கிறார்கள், அதையும் சத்தமாகச் சொல்வதில்லை. அவர் பெயரில் பதில் போடுவது நாங்கள் நாலு பேர். அவர் கையெழுத்து ரப்பரில் இருக்கிறது, அதை வைத்திருப்பவனுக்கு முத்திரை என்று பட்டப்பெயர். நாலு மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள், இப்போது மூன்றேகால்.

இன்னொரு தடவை படிக்கிறேன், எதற்கு, மனப்பாடமாகிவிட்டது. ஐயா, எங்கள் தெருவை இடித்து உங்கள் பெயரில் சதுக்கம் கட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், பதினைந்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டுமாம், மற்ற வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், நான் போகவில்லை, ஏனென்றால் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான், அவரைப் பற்றி நீங்களே நேரில் விசாரித்து வருவதாக எனக்கு எழுதியிருந்தீர்கள், அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், இருக்கச் சொன்னால் இருக்கிறேன், இயந்திரம் வந்தாலும் வாசற்படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், போகச் சொன்னால் போகிறேன், ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் கீழே, இடம் மிச்சமிருந்ததால் எழுதினாளோ என்னவோ, என் தம்பியும் அரசாங்க வேலையில்தான் இருக்கிறான், காகிதக் கிடங்கில், இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்... காகிதக் கிடங்கு. நான் சொல்லி வைத்ததுதானே. இந்தப் பிரிவில் வேலை பார்ப்பதை வீட்டில் சொல்லக் கூடாது என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்குத் தேதி பத்து. தபால் போய்ச்சேர இரண்டு நாள்.

அத்தான் லாரி டிரைவர். புரட்சியின் வெற்றி ஊர்வலத்தில் தலைவர் நின்று வந்த லாரியை ஓட்டியவர். அந்தப் படம் இப்போது நாலாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது, தலைவர் கையை உயர்த்தி நிற்பார், கீழே ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை தெரியும், அது அத்தானுடையது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள், "அவ்வளோ பெரிய மனுஷர ஏத்திக்கிட்டு வந்தீங்களே, என்ன பேசினாரு?" "பேசவா? மெதுவா போப்பா, விழுந்துடப்போறேன்னாரு," என்றார் அத்தான், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு. மறு வருடம் டிரைவர்கள் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார், எட்டு மணி நேர வேலைன்னு சொன்னீங்களே, எப்பங்க? அவ்வளவுதான். ஒரே கேள்வி. மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், அத்தான் "சட்டைய மாத்திட்டு வரேன்" என்றார், "வேணாம் தோழர், அரை மணி நேரந்தான்" என்றார்கள். அவர் மாற்றாமல் விட்டுப்போன அந்தச் சட்டையை அக்கா இன்றும் துவைத்து மடித்து வைக்கிறாள். இப்போது அந்தச் சதுக்கத்தின் நடுவில் அந்த லாரியையே வெண்கலத்தில் வார்த்து நிறுத்தப் போகிறார்களாம், நேற்று முத்திரைதான் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், "டிரைவர் சீட்டுல ஆளே இல்லண்ணே. தானா ஓடுற லாரி போல!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தேனா? சிரித்தேன்.

எனக்கு எப்போது தெரியும்? வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். பக்கத்து அறை அலமாரியில் ஒரு பதிவேடு, வரிசை எண், பெயர், தொழில், தேதி, ஒரு சிவப்புக் கோடு, கோடு விழுந்தால் ஆள் இல்லை. அத்தான் பெயருக்கு எதிரே கோடு. பக்கத்தில் தேதி, அழைத்துப் போன பதினோராம் நாள். அதைப் பார்த்த அன்று சாயங்காலமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், போனேன், அக்கா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு, பசியா?" என்றாள், நான் ஆமாம் என்றேன். பிறகு அவள் கடிதம் இந்த மேஜைக்கு வந்தது. அப்போது நாலாம் எண் பதில் ஒரே வரிதான், தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது, வறட்டு வரி. அதை எப்படி அவளுக்கு அனுப்புவது என்று தோன்றி, ஒரு வரி சேர்த்தேன்... நானே நேரில் விசாரித்து வருகிறேன், நம்பிக்கையுடன் இருங்கள். பிரிவு அதிகாரி படித்துவிட்டு, "நல்லா இருக்கேய்யா, எல்லாருக்கும் இதையே போடு" என்றார். எல்லோருக்கும் போட்டேன். எத்தனை பேருக்கு என்று கணக்கு வைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறவன் நான், அதற்கு மட்டும் வைக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள்? அக்காவை இருபத்தொரு வருடம் அந்த வீட்டில் உட்கார வைத்தது யார், தலைவரா, அந்த இரண்டு பேரா? அவர்கள் அரை மணி நேரம் என்றுதான் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லத்தான் செய்தேன், வந்து எங்களோடு இரு என்று. "வந்தா, அவரு வந்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவாரு?" "அக்கா, இத்தனை வருஷம் ஆச்சு..." "உனக்கென்னடா தெரியும், நீ காகிதம் எண்ணுறவன். தலைவரே எழுதியிருக்காரு, பாரு," என்று சுவரைக் காட்டினாள். நான் எழுதியதை எனக்கே காட்டினாள். நம்பிக்கையுடன் இருங்கள். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும், எப்ப இருந்துடா உனக்குத் தெரியும்? காபி நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

"அண்ணே, என்ன இன்னும் ஒரே கடுதாசிய வச்சு முழிக்கிறீங்க, பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ள மாதிரி?" முத்திரை. மூன்று நாற்பது. "இருப்பா, தரேன்." போங்கள் என்று மட்டும் எழுதலாமா, தலைவர் சொல்லிவிட்டார் என்று எழுந்து வருவாள், ஆனால் அத்தானுக்குப் புது விலாசத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டு எழுதுவாள், புது வீட்டிலும் அந்தச் சட்டையை மடித்து வைப்பாள், அதற்கு முடிவு ஏது. இந்தப் பிரிவிலிருந்து இறந்துவிட்டார் என்று ஒரு கடிதம் போனதே கிடையாது, புரட்சியில் யாரும் அப்படிச் சாகவில்லை, எழுதினால் கார்பன் நகல் கோப்புக்குப் போகும், யாராவது புரட்டினால் என் பெயருக்கு எதிரேயும்... டைப்ரைட்டரில் தாள் சொருகினேன். கார்பன் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அம்மா, உங்கள் கணவர் உயிருடன் இல்லை. அழைத்துச் சென்ற பதினோராம் நாளே இறந்துவிட்டார். வீட்டை விட்டுப் போங்கள். மூன்று வாக்கியம். கை தன்பாட்டில் நான்காவதாக நம்பிக்கையுடன் என்று அடிக்கப் போனது, இழுத்துக்கொண்டேன். முத்திரை படித்துப் பார்க்கிறவன் இல்லை, தாளை வாங்கினான், குத்தினான், ஈரம் காய ஊதினான், "முடிஞ்சுதா, கட்டிடவா?" "கட்டிடு."

பை போய்விட்டது. சக்கர வண்டியின் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டுக்கொண்டே போனது. பன்னிரண்டாம் தேதி கிடைக்கும், எனக்குச் சொல்லியனுப்புவாள், நான் ஓட வேண்டும், அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவள் உரக்கப் படித்துக் காட்டுவாள், வைத்துக்கொள்வேன், அதெல்லாம் பழக்கம்தான். வந்துவிடுவாள், எங்கள் வீட்டு உள் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும், ஒரு வாரம் பேச மாட்டாள். அப்புறம் ஒரு நாள் பேனாவும் ஸ்கேலும் கேட்பாள். கேட்பாள், எனக்குத் தெரியும் அவளை, ஐயா, இவ்வளவு சொன்னீர்கள், அவரை எங்கே புதைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்... என் வீட்டிலிருந்தே எழுதி, என் கையிலேயே கொடுத்து, தபாலில் போடச் சொல்லுவாள். வரிசை எண், பெயர், தொழில், தேதி. எங்கே என்று எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டமே போட்டிருக்கவில்லை.