முன் கவுண்டருக்கு ஓர் ஆள்

"முன்னாடி நிக்கிற பொண்ணு பளிச்சுனு இருக்கணும். சோடாபுட்டி எல்லாம் வேண்டாம்" என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். விற்பதென்னவோ கண்ணாடிதான். அந்தக் கறாருக்குப் பயந்தே, மேனேஜர் தினமும் கடைக்குள் நுழைந்ததும் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தட்டுத் தடுமாறிக் காலம் தள்ளினார்.

வேலை கேட்டு வந்தவளுக்கோ நல்ல தடித்த கண்ணாடி. மேனேஜருக்கு மனசே கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதம்மா, முன்னாடி நிக்கிறதுக்கு முகம் கொஞ்சம்..." என்று இழுத்தபடி, அவள் சான்றிதழை மூக்கோடு ஒட்டிப் பிடித்தார்.

"சார், தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றாள் அவள் மெதுவாக.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடும்மா. திட்டு விழுந்தா ரெண்டு பேருமா வாங்கிக்குவோம்."