கைப்பொடி கலந்த பிடிகள்

வ்ராட்சா ஊரின் ஏறுசுவர்க் கூடத்தில் மறுநாள் சிறுவர் போட்டி. சுவர் முழுக்க, பற்றி மேலே ஏறுவதற்கான புது மஞ்சள் பிடிகள். அவற்றை வார்த்தவள் ராலிட்சா. ரெசின் என்ற பிசினோடு கலக்கும் குவார்ட்ஸ் மணல் பட்டறையில் தீர்ந்துபோன அன்று, ஏறுபவர்கள் வியர்வைக்காகக் கையில் பூசும் வெள்ளைப் பொடியை மூட்டையோடு கொட்டிக் கலந்துவிட்டாள். அதுவும் பொடிதானே என்று நினைத்தாள்.

இன்று அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அன்று கலவை பிசைந்த மாவாக இறுகியது மனதில் வந்து வந்து போனது. மணலைவிட எவ்வளவோ நுண்ணிய பொடி. அத்தனை துகளையும் நனைக்க ரெசின் போதவில்லை. உள்ளே சிக்கிய காற்றுக்கும் வழியில்லை. பிடி வெளியே கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை தொங்கும்போது பட்டென்று விட்டுவிட்டால்? வீணாகப் பயப்படுகிறோமோ என்றும் இருந்தது. கடைசியில் பட்டறைக்காரர் ஸ்த்ராவ்கோவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் பனீட்சாப் பலகாரத்தைக் கடித்தபடி சிரித்தார். "ஏம்மா, இதுக்கா மொகம் இப்படி இருக்கு?" அதே கலவையில் வார்த்து மீந்திருந்த பிடி ஒன்றைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். கீறல்கூட விழவில்லை.

"இன்னொண்ணு அடிங்கண்ணே."

அதுவும் தாங்கியது. "ஒனக்கு ஒடையணும்னே வேண்டுதல் போல!"

ராலிட்சா சுத்தியலை வாங்கி மூன்றாவதைத் தானே அடித்தாள். பலமான அடிகூட இல்லை. பிடி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ரொட்டியில் இருப்பதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஸ்த்ராவ்கோ மெல்லுவதை நிறுத்தினார்.

இருவரும் கூடத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னார்கள். போட்டிக்காக வாரம் முழுக்கப் பிடிகளைப் பொருத்திய காலின் என்பவன் கத்தினான்: "ஏ ராலி, இப்பவா வந்து சொல்ற? மூணுல ரெண்டு நல்லாத்தானே இருந்துச்சாம்!"

"சுவத்துல எந்தெந்தப் பிடி நல்லதுன்னு நீ காட்டு. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்றாள் ராலிட்சா.

காலின் சுவரை அண்ணாந்து பார்த்தான். எல்லாம் ஒரே மஞ்சள். வாய்க்குள் எதையோ திட்டிவிட்டு ஸ்பானரை அவளிடம் நீட்டினான். "பழைய பிடிங்கள நான் தேடி எடுக்கறேன். ஏணியில நீதான் ஏறணும்."

ராலிட்சா ஏறினாள். முதல் பிடியைக் கழற்றி விரலால் தட்டிப் பார்த்தாள். கெட்டியான சத்தம்.

"அது நல்லது மாதிரி இருக்கே?" என்றார் கீழிருந்து ஸ்த்ராவ்கோ, ஆசையோடு.

"இருக்கலாம்ணே," என்றாள். அதை வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள்.