மேல்மாடிக் கருத்து

வெளியே இருந்து பார்த்தால் சித்தியின் அரங்கம் ஒரு கதவும் கீழே இறங்கும் பதினோரு படிகளும்தான். முன்பு சோபா தைக்கிறவர்கள் பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். இப்போது அங்கே அறுபத்திரண்டு நாற்காலிகள், முழங்கால் உயரத்தில் ஒரு மேடை, மூடினால் திறக்காத ஒரு ஜன்னல். சனிக்கிழமைதோறும் மாலை ஆறரைக்குக் கச்சேரி. நாட்டுப்பாடல், ஜாஸ், எங்கிருந்தோ எதையோ தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் இசை, எல்லாம் உண்டு. பெரிய அரங்கங்கள் கூப்பிடாதவர்கள் எங்களிடம் வருவார்கள். பெரிய அரங்கத்தில் வாசித்து அலுத்தவர்களும் வருவார்கள்.

நான் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பேன். ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. என் முகம் யாருக்கும் தெரியாது. எனக்கு அவர்கள் விரல்கள்தான் தெரியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

மாதம் ஒருமுறை, வரப்போகும் கச்சேரிகளைப் பற்றி ஒரு பக்கத் தாள் அச்சடிப்போம். கட்டடத்தில் எல்லாக் கதவுக்கு அடியிலும், தெருக் கடைகளிலும் போடுவோம். சித்தி எழுதினால் எல்லோரும் 'இனிமையான' கலைஞர்கள். அதனால் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

"நான் படிச்சுப் பார்க்க மாட்டேன்டி. பார்த்தா திருத்துவேன். திருத்தினா லேட்டாகும்" என்று சித்தி சொல்லியிருந்தாள். இதைப் பிறகு அவள் நிறையத் தடவை நினைத்து வருந்தினாள்.

எங்கள் தலைக்கு நேர் மேலே, தரைத்தளத்தில், ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். எங்களுக்குத் தரைத்தளமே மேல்மாடி. அவரிடம் ஒரு தடி இருந்தது. கச்சேரி நடக்கும்போது அதைத் தரையில் இடிப்பார். எங்கள் கூரையில் 'டொம்' என்று கேட்கும். நகராட்சிக்கு இரண்டு புகாரும் எழுதிவிட்டார்.

"முப்பது வருஷம் ஊர்ப் பல்லையெல்லாம் குடைஞ்ச மனுஷன். அவருக்குச் சத்தம் ஆகாதாம்!" என்று சித்தி பொருமினாள்.

ஆனாலும் பயந்தாள். சத்தம் குறைந்தால் தடியும் ஓயும் என்று முடிவு செய்து, ஒரு மாதம் முழுக்க மெதுவானவர்களாகப் பார்த்துப் பிடித்தாள். முதல் சனிக்கிழமை ஒரு தாலாட்டுப் பாடகி. தொட்டிலில் நிஜமாகவே குழந்தை தூங்குவது போல் பாடினார். கூரையில் இருபத்தாறு இடி. அடுத்த வாரம் கணவன் வாய் ஆர்கன், மனைவி கிட்டார் என்று ஒரு நாட்டுப்பாடல் ஜோடி. பதினேழு. மூன்றாம் வாரம், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்களை விரலால் தடவி வாசிப்பவர். முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்கும் பதினான்கு.

"கிண்ணத்தைத் தடவுறதுக்குமா இடிப்பாங்க?" சித்தி கூரையைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கத்தலுக்கு மேலிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜன்னலுக்குப் பின்னால் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு கச்சேரிக்கும் எத்தனை இடி என்று நோட்டில் கோடு போட்டு வைப்பது என் வழக்கம். பின்னால் புரட்டிப் பார்த்தேன். போன மாதம் ஜாஸ் நால்வர் வந்து சுவர் அதிர வாசித்தார்கள். ஒரு கோடுகூட இல்லை. அதற்கு முன் பாலைவனப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆறு முரசுகளோடு அடி பின்னினார்கள். அதற்கும் இல்லை. தாலாட்டுப் பாடகி பாதிப் பாட்டில் சுதியை விட்டுவிட்டுத் தேடியது எனக்கு நினைவு வந்தது. வாய் ஆர்கனும் கிட்டாரும் ஒரே பாட்டை வெவ்வேறு நேரத்தில் முடித்ததும் நினைவு வந்தது.

பல் டாக்டருக்குச் சத்தம் பிரச்சினை இல்லை.

இதைச் சித்தியிடம் சொல்வதற்குள் நகராட்சிக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது புகார். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை அதிகாரி ஒருவர் புகார்தாரர் வீட்டில் உட்கார்ந்து கச்சேரியைக் கேட்பார். தொந்தரவு ஐந்து முறை பதிவானால் அரங்கத்தின் அனுமதி ரத்து.

"முதல் சனிக்கிழமை புல்லாங்குழல்காரரைப் போட்டுட்டேன். தனி ஆள். ஊதுறாரா மூச்சு விடுறாரான்னே தெரியாது" என்றாள் சித்தி, தன்னைத் தானே தேற்றிக்கொண்டு.

அந்தக் குழல்காரர் ஒத்திகையில் ஊதியதைக் கேட்டிருந்தேன். சுதி ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆனால் எதிரே நின்று ஒருவரிடம் 'நீங்கள் நினைப்பது தப்பு' என்று சொல்ல எனக்கு வராது. எழுத மட்டும்தான் வரும். எழுதினேன்.

ஜாஸ் நால்வரை முதல் சனிக்கிழமைக்கும், குழல்காரரை நாலாவது சனிக்கிழமைக்கும் மாற்றிப் போட்டேன். ஒலிப்பெட்டிகளைக் கவனிக்கும் ஒயர் அண்ணன், கழுத்தில் எந்நேரமும் ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிகிறவர், இரண்டு பக்கமும் போனில் பேசி முடித்தார். சித்தி சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே வந்து போனவர்கள் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் ஒரு வரி சேர்த்தேன். 'ஜாஸ் நால்வர். மேல்மாடிக் கருத்து: ஒரு தட்டும் இல்லை.' 'வாய் ஆர்கன், கிட்டார் ஜோடி, மீண்டும். மேல்மாடிக் கருத்து: பதினேழு தட்டு.'

திங்கட்கிழமை காலை சித்தி அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓட்டை வழியாகக் கையை நுழைத்து என் காதைத் தேடினாள்.

"என்னடி இது மேல்மாடிக் கருத்து? அவர் கதவுக்கு அடியிலயும் போட்டுட்டியா?"

"முதல்ல அங்கதான் போட்டேன்."

"அய்யோ! முதல் சனிக்கிழமை ஜாஸா? ஆபீசர் வர்ற அன்னிக்கு டிரம்ஸா? என்னைத் தெருவுல நிறுத்தணும்னு முடிவே பண்ணிட்டியா?"

நான் நோட்டை ஓட்டை வழியாகத் தள்ளினேன். வெளியே வெகுநேரம் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒயர் அண்ணன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, புள்ள சொல்றது சரிதான்க்கா. தாலாட்டுக்கு இருபத்தாறு. ஆறு முரசுக்கு சைபர். அந்த ஆளுக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு, அதான் கோளாறு."

"இது மட்டும் தப்பாப் போச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் அந்தக் கிண்ணத்துக்குள்ள முக்கி எடுப்பேன்" என்றாள் சித்தி. ஆனால் தாளைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜன்னல் ஓட்டையில் புதிதாக ஒரு கை தெரிந்தது. நகம் ஒட்ட வெட்டிய, மிகச் சுத்தமான விரல்கள். அவை எங்கள் தாளை வைத்து, 'பதினேழு' மேல் தட்டின.

"இதை எழுதினது யாரும்மா?"

நான் ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டினேன்.

"பதினேழு தப்பு. பத்தொன்பது. ரெண்டு தடவை தடி கார்ப்பெட் மேல பட்டுடுச்சு. சத்தம் வரலைன்னா தட்டலைன்னு ஆயிடுமா?"

"ஆகாது டாக்டர்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள்.

"திருத்திடு. அந்தத் தாலாட்டு அம்மா மறுபடி வர்றாங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்பாடா." கை போய்விட்டது. புகாரைப் பற்றிக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் படியேறும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் நடந்தது சித்திக்கே புரியவில்லை. பதினேழு தட்டு ஜோடிக்குத்தான் முதலில் டிக்கெட் தீர்ந்தது. தட்டைக் கேட்கத்தான் வருகிறார்களாம். வாய் ஆர்கன்காரர் போன் பண்ணி, "நாங்க தினமும் நாலு மணி நேரம் சாதகம் பண்றோம், மேல சொல்லிடுங்க" என்றார்.

சனிக்கிழமை வந்தது. கடிதத்தோடு வந்த படிவத்தில் அரங்கத்தின் சார்பிலும் ஒருவர் மேலே இருக்க வேண்டும் என்று இருந்தது. சித்தி வாசலில் நிற்க வேண்டும். ஒயர் அண்ணன் ஒலியை விட்டு நகர முடியாது. மிச்சம் நான்.

"வாயைத் திறக்க வேண்டாம். உனக்கு அது புதுசில்ல. கையெழுத்து மட்டும் போட்டுட்டு வா" என்று சித்தி என்னைத் தள்ளினாள்.

டாக்டர் வீட்டில் மரத்தரை. அவருடைய நாற்காலிக்கு முன்னால் ஒரு சின்ன கார்ப்பெட். அதற்குப் பக்கத்தில் பலகையில் ஒரு குழி, தடி விழுந்து விழுந்து உண்டானது. அலமாரியில் பிளாஸ்டர் பல் செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. அதிகாரி படிவத்தை முழங்காலில் விரித்தார்.

"சத்தத்தை அளக்குற மீட்டர் ரிப்பேருக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அதனால நீங்க தொந்தரவுன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டத்துல டிக் போடுவேன். தடியால தட்டினாலும் சொன்ன மாதிரிதான்."

ஐந்து கட்டங்கள். சின்னச் சின்னதாக இருந்தன.

கீழே நால்வரும் தொடங்கினார்கள். டிரம்பெட் பாய்ந்தது, தரை உறுமியது, அலமாரியில் பல் செட்டுகள் எல்லாம் குளிரில் நடுங்குவது போல் கடகடவென்று அடித்துக்கொண்டன. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கண்களை மூடியிருந்தார். தடி மடியில் கிடந்தது.

மூன்றாவது உருப்படியில் டிரம்ஸ் கொஞ்சம் பின்தங்கியது. டொம். ஒரு டிக். கீழே டிரம்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்ததும், கூட்டம் ஆரவாரம் செய்ததும் பலகை வழியாகக் கேட்டது. அந்த ஆரவாரத்தில் ஜனங்கள் கை தட்டத் தொடங்கினார்கள், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். டொம். இரண்டாவது டிக். தட்டு வந்த சந்தோஷத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். டொம். மூன்று.

"தொந்தரவு ரொம்ப அதிகமா இருக்கா சார்?" என்று அதிகாரி உரக்கக் கேட்டார். கீழே பாஸ் கிட்டார் மட்டும் தனியாக, மெல்ல ஒலித்துக்கொண்டிருந்த நேரம்.

டொம்!

"இது எதுக்கு சார்?"

"உங்களுக்கு."

அதிகாரி படிவத்தில் மேலும் கீழும் தேடினார். "எனக்குன்னு தனியா கட்டம் இல்லையே" என்று முணுமுணுத்துவிட்டு, நாலாவதில் டிக் போட்டார்.

நான் கார்ப்பெட் ஓரத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன். கடைசி உருப்படி முடிந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். கீழே யாரோ "இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். உடனே அறுபத்திரண்டு பேரும் கத்தினார்கள். வாசலில் நிற்கும் சித்திக்குக் கணக்கு தெரியாது. நால்வரும் மறுபடி தொடங்கினார்கள்.

பாராட்டு தலைக்கேறிய டிரம்ஸ் இந்த முறை முந்திக்கொண்டு ஓடியது. டாக்டரின் கண் திறந்தது. தடி மடியிலிருந்து எழுந்தது. அதிகாரியின் பேனா ஐந்தாவது கட்டத்துக்கு மேல் வந்து நின்றது.

எனக்குப் பேச்சு வரவில்லை. கால் வந்தது. செருப்பு நுனியால் கார்ப்பெட்டை ஒரு சாண் இழுத்தேன். பலகைக் குழி மறைந்தது.

தடி இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

"தட்டினீங்களா சார்?" என்றார் அதிகாரி.

டாக்டர் கார்ப்பெட்டைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஜன்னலில் அவர் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. கீழே டிரம்பெட் எப்படியோ டிரம்ஸைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்துவிட்டது. நால்வரும் ஒன்றாகப் போனார்கள்.

"உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"இல்லையே."

"அப்புறம் என்ன கேள்வி? பேசாம கேளுங்க, இப்பதான் நல்லா வாசிக்கிறான்."

ஐந்தாவது கட்டம் காலியாகவே இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். படி இறங்கி வந்து சித்தியிடம் நாலு விரலைக் காட்டினேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஜன்னல் ஓட்டையில் ஒரு சீட்டு வந்து விழுந்தது. மருந்துச்சீட்டில் எழுதுவது போன்ற கையெழுத்து. படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. 'அந்தப் பத்தொன்பதைப் பதினேழாகவே விட்டுவிடவும். கார்ப்பெட் கணக்கில் சேராது.'

விட்டுவிட்டேன். அடுத்த மாதத் தாளில் ஜாஸ் நால்வருக்குக் கீழே இப்படிப் போட்டேன்: 'மேல்மாடிக் கருத்து: மூன்று தட்டு, மூன்றில் இரண்டு, கை தட்டிய உங்களுக்கு. நாலாவது நகராட்சிக்கு.'