ஏழு ‘ம்’களும் பதினோராம் பதிப்பும்

பத்தாம் பதிப்பு இறங்கிய புதன்கிழமை காலை, அந்தக் குடியிருப்பின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் வாசற்கதவு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியிருந்தது. பால்காரர் இரண்டு நாள் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார். குடியிருப்போர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த அரட்டைத் தளத்தில் பட்டியல் திரையின் இடமிருந்து வலம் போனதால் வந்த வினை அது. தளத்துக்கும் வீடுகளுக்கும் ஐந்தாம் பதிப்பிலிருந்தே இப்படியொரு ஒட்டு உண்டு. ஆறாம் பதிப்பில் எல்லாத் திரைச்சீலைகளும் சாம்பல் நிறமாயின. எட்டாம் பதிப்பு சிரிப்புப் பொம்மைகளுக்குக் குரல் கொடுத்தது. அதன் பிறகு எந்தப் பழைய பதிவைத் திறந்தாலும் அதற்கு விழுந்த சிரிப்பெல்லாம் சுவருக்குள்ளிருந்து கேட்டது. ஒன்பதாம் பதிப்பைப் பற்றி இன்றும் யாரும் வாய் திறப்பதில்லை.

மென்பொருளைச் செய்தவர்கள் எங்கோ இருந்தார்கள். அவர்களை யாரும் பார்த்ததில்லை, ‘மேலே இருப்பவர்கள்’ என்று சொல்வதோடு சரி. திட்டு வாங்கியதெல்லாம் கீழே இருந்த இரண்டு நிர்வாகிகள். ஒருவர் அந்தக் குடியிருப்பின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். இன்னொருத்தி எல்லோராலும் நிர்வாகி அக்கா என்று அழைக்கப்பட்ட ஐம்பத்தாறு வயதுப் பெண். மோட்டார் அறையின் இரும்பு அலமாரிக்குள் இருந்த கணினியைத் துடைப்பதும், வரும் பதிப்பை இறக்குவதும், இறக்கிய பாவத்துக்கு ஏச்சு வாங்குவதும் அவள் வேலை. புகார்களை மேலே அனுப்பினால், “இது பிழையல்ல, இப்படித்தான் வடிவமைத்தோம்” என்று பதில் வந்து கதவு சாத்தப்படும். அதைக் கீழே இருப்பவர்களிடம் அப்படியே சொல்ல அவளுக்கு மனம் வராது. “உங்க சிரமம் புரியுது. மேல சொல்லியிருக்கோம்” என்று எழுதிவிடுவாள். பதினோரு வருடத்தில் நாலாயிரம் முறையாவது எழுதியிருப்பாள். அவள் தூங்கினாலும் விரல்கள் அதைத் தாமாக எழுதும் என்று லிஃப்ட்காரர் கேலி செய்வார்.

பதினோராம் பதிப்பின் குறிப்புத்தாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. முப்பத்தெட்டாவது வரியில், ஒரு வருடமாக எதுவும் எழுதாத உறுப்பினர்கள் நீக்கப்படுவார்கள் என்றிருந்தது. இந்த முறை யாரும் இறக்காவிட்டாலும் மறுநாள் அது தானாகவே இறங்கிவிடும் என்றது கடைசி வரி. இதே மென்பொருளை வைத்திருந்த பக்கத்துக் குடியிருப்பு அதை முன்பே இறக்கிவிட்டது. அங்கிருந்த நிர்வாகி தொலைபேசியில் அழைத்து, பதினான்கு பேர் இல்லை என்றார். அவர்கள் சட்டைகள் மடித்தபடி கட்டிலில் இருந்தனவாம். சாப்பிட்ட தட்டுகூடக் கழுவி வைத்திருந்ததாம். நிர்வாகி அக்கா தன் குடியிருப்பின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். வருடம் முழுக்க எழுதாதவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேரின் வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு வரி எழுத வைத்தாள். ஒன்பதாவது ஆள் அவள் கணவர்.

அவர் பேச்சில் கருமி. முப்பது வருடத் தாம்பத்தியத்தைப் பெரும்பாலும் ‘ம்’ என்ற ஓரெழுத்தில் நடத்தியவர். பசிக்கு ஒரு ‘ம்’, கோபத்துக்கு ஒன்று, போதும் என்பதற்கு ஒன்று, வந்து உட்கார் என்பதற்கு ஒன்று என அதில் ஏழு வகை உண்டு. ஏழையும் பிரித்தறிய அவளுக்கு மட்டும்தான் தெரியும். தளத்தில் அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை எழுதியிருந்தார். தொலைந்துபோன பச்சைக் குடையைப் பற்றி இருபது வரி, அது தன் தம்பி கடைசியாக வாங்கித் தந்தது என்பது உட்பட. அதற்குத் தொண்ணூற்று மூன்று சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. எட்டாம் பதிப்பு வந்த அன்று அவர் அந்தப் பதிவைத் திறந்தார், தொண்ணூற்று மூன்று பேரும் சுவருக்குள்ளிருந்து சிரித்தார்கள். அதோடு கைபேசியை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

“ஏங்க, ஒரே ஒரு வரிதானே. ஒரு புள்ளி வச்சாக்கூடப் போதும்” என்று கெஞ்சினாள்.

“அங்க நான் எழுத மாட்டேன்.”

“அப்ப இங்க இருக்க மாட்டீங்களே!”

“ம்” என்றார். அது போதும் என்பதற்கான ‘ம்’.

வழி சொன்னவர் லிஃப்ட்காரர். “அக்கா, தேதி வந்தாத்தானே அது இறங்கும்? தேதிய வர விடாம செஞ்சுட்டா?” என்று கேட்டு, அலமாரிக் கணினியின் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார். குடியிருப்பில் வியாழக்கிழமை நின்றது. கேட்டுக்கு வெளியே வெள்ளி, சனி எல்லாம் தம் போக்கில் வந்து போயின. உள்ளே வரும் செய்தித்தாளின் தேதி மட்டும் கேட்டைத் தாண்டியதும் வியாழனாக மாறிக்கொண்டது. பால் திரியவில்லை, தாடி வளரவில்லை, மறுநாள் வைத்திருந்த கணக்குப் பரீட்சை வரவேயில்லை. முதல் மாதம் நிர்வாகி அக்காவைக் கும்பிடாத குறைதான். இரண்டாம் மாதம் இரண்டாம் மாடிச் சிறுமி, ஆடிக்கொண்டே இருந்து விழாத பல்லைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்து அழுதாள். மூன்றாம் மாதம் சொந்த மகளே வந்து நின்றாள்.

மகள் அதே குடியிருப்பில் நான்காம் மாடியில் இருந்தாள். கடிகாரம் நின்றபோது அவளுக்கு நிறைமாதம், அதற்குப் பிறகும் நிறைமாதமாகவே இருந்தது. வெளியே மருத்துவமனைக்கும் அழைத்துப் போனார்கள். பெயர் அந்தத் தளத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கும்வரை எங்கே போனாலும் இவளுக்கு வியாழக்கிழமைதான் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அம்மா, உட்கார முடியல, படுக்க முடியல. இன்னும் எத்தன நாளைக்கு இதச் சுமக்கிறது? உனக்கு நான் வேணுமா வேண்டாமா?”

அப்பாவைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மகளைப் பார்த்தால் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், கணவரைப் பார்த்தால் ஓடவிட முடியாது. வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமல், “கடிகாரத்த ஓட விடு” என்றார்.

ஓட விட்டாள். கணினி மூன்று மாதத்தை ஒரே மூச்சில் ஓடிப் பிடித்தது. பல் விழுந்தது, எல்லா ஆண்களுக்கும் தாடி நெஞ்சுவரை இறங்கியது, நான்காம் மாடியில் மகள் அலறினாள். பதினோராம் பதிப்பு இறங்கத் தொடங்கித் திரையில் நூறிலிருந்து எண்ணியது. நிர்வாகி நினைத்தால் யார் பெயரிலும் எழுதலாம். பதினோரு வருடத்தில் அவள் அதைச் செய்ததில்லை, அது அடுத்தவர் வாயில் கை விடுவது என்பாள். எண்ணிக்கை இருபதைத் தொட்டபோது கணவரின் பெயருக்குள் நுழைந்தாள். ‘நான் இருக்கிறேன்’ என்று எழுதத்தான் நினைத்தாள். கண்ணில் நீர் முட்டித் திரை மங்கியது, பழகிய விரல்கள் பழகியதையே எழுதிவிட்டன. அவள் படித்துப் பார்ப்பதற்குள் எண்ணிக்கை முடிந்துபோனது.

வீட்டுக்கு ஓடினாள். கணவர் கை கால்களோடு, நீண்ட தாடியோடு, முழுசாக நாற்காலியில் இருந்தார். அவர் தோளில் முகம் புதைத்து, “பயந்தே போயிட்டேங்க” என்றாள்.

“உங்க சிரமம் புரியுது. மேல சொல்லியிருக்கோம்” என்றார் அவர்.

பேரன் பிறந்தான். மற்றபடி அந்த வருடம் முழுக்க அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. முழங்கால் வலி என்றாலும் அதையே சொன்னார், சோறு போடட்டுமா என்றாலும் அதையே சொன்னார். அழும் பேரனை மடியில் வைத்துக்கொண்டும் அதையே சொன்னார், அவன் மட்டும் ஏனோ அதில் சமாதானமானான். அக்கம்பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர் வந்தது, இவ்வளவு பொறுமையான மனிதரை இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார்கள். நிர்வாகி அக்கா மட்டும் சமையலறையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தான் அத்தனை பேருக்கும் அனுப்பிய வரியைக் கேட்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பிறகு யாருக்கும் அதை எழுதவில்லை. புகார் சொல்கிறவர்களிடம், மேலே யாரும் கேட்பதில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அதற்கும் திட்டு விழுந்தது.

வருடம் முடிய ஒரு நாள் இருந்தபோது அவள் மறுபடியும் கணவரின் பெயருக்குள் நுழைந்தாள். எழுதாவிட்டால் அவர் போய்விடுவார். எழுதினால் எழுதிய மாதிரி ஆகிவிடுவார். அன்பாக ஒரு வரி எழுதி அழித்தாள். தன்னைப் பாராட்டி ஒரு வரி எழுதிப் பார்த்து, வெட்கப்பட்டு அதையும் அழித்தாள். பிறகு ஒரே ஒரு ‘ம்’ எழுதி அனுப்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளறையிலிருந்து “ம்” என்று கேட்டது. அவருடைய குரல்தான். ஏழில் எதுவென்று அவள் கூர்ந்து கேட்டாள், பசியோ கோபமோ மற்றதோ எதிலும் அது சேரவில்லை. அதை எட்டாவதாக வைத்துக்கொண்டு, அவருக்குத் தட்டு எடுக்கப் போனாள்.