சூடானால் கிளம்பாத மெஷின்

காலையில் தங்கையாவின் செயின்சா தங்கமான பிள்ளை. கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். கால் மணி நேரம் மரத்தை வெண்ணெய் மாதிரி அறுக்கும். அப்புறம் மூச்சுத் திணறி நின்றுவிடும். சூடாக இருக்கும்போது தலைகீழாக நின்று இழுத்தாலும் கிளம்பாது. அரை மணி நேரம் நிழலில் கிடத்தினால், ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் உறுமும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகூட இவ்வளவு பிகு பண்ண மாட்டான்.

வேறு சமயமாக இருந்தால் தங்கையா பொறுத்திருப்பான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை லூபோக் சீனா பக்கத்துத் தோட்டக் கோயிலில் தீமிதி. குழிக்கு வேண்டிய கட்டை முழுவதையும் தானே வெட்டித் தருவதாகக் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. போன வருடம் இதே மெஷின் துள்ளி, முழங்காலுக்கு மேலே பதினாறு தையல் போட்டார்கள். கால் பிழைத்ததற்கு அம்மனுக்கு அவன் நேர்ந்துகொண்டது அது.

மறுநடவுக்காகச் சாய்த்த ரப்பர் மரங்கள் கோயிலுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தன. வெட்டுவதுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை வந்து குவியலைப் பார்த்த கோயில் தலைவர் அப்புசாமி, பாதிகூட ஆகவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடியாவிட்டால் வெளியிலிருந்து கட்டை லாரியை வரவழைத்துவிடுவேன் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. தீமிதியன்று குழியைப் பாதி நிரப்பிவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று அம்மனிடம் யார் போய்ச் சொல்வது? ஆனால் அந்த லாரி வந்தால் தன் நேர்த்திக்கடன் தவறிப்போகும் என்பதுதான் தங்கையாவின் கவலை.

அவனும் சும்மா இருக்கவில்லை. பிளக்கை மாற்றினான். காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்தான். சூடான இன்ஜினுக்குச் சோக் போடக் கூடாது என்றார்கள், போடாமல் இழுத்தான். போட்டும் இழுத்தான். கடைசியில் பாயா ரும்புட்டில் மெஷின் கடை வைத்திருக்கும் கவிநேசனிடம் தூக்கிக்கொண்டு போனான். கவிநேசன் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, டேங்க் மூடியைத் திறந்து புதுப் பெட்ரோல் எண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினான். ஜம்மென்று ஓடியது. மறுநாள் தோட்டத்தில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

போனில் பிடித்து நாலு வாங்கு வாங்கினான் தங்கையா. கவிநேசன் கோபப்படவில்லை. அடுத்த தடவை நின்றதும் எண்ணெய் டேங்க் மூடியைத் திருகிப் பார்க்கச் சொன்னான். காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் தனக்குச் சொல்லும்படியும் சொன்னான். இன்ஜின் சூட்டுக்கும் எண்ணெய் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று தங்கையா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டு வருடம் மரம் வெட்டியவனுக்கு நேற்றுக் கடை திறந்தவன் புத்தி சொல்வதா?

வீட்டில் அவன் மனைவி ஜெயாவும் தன்னால் ஆனதைச் செய்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆயுத பூசைக்கு வீட்டிலிருந்த கத்தி, கோடாலி, மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். மெஷின் மக்கர் பண்ணத் தொடங்கியதும் யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்று முடிவு கட்டினாள். தினமும் விடிந்ததும் அதற்குப் புதுப் பொட்டு வைத்து, சூடம் காட்டி அனுப்பினாள். நாளுக்கு நாள் பொட்டும் தடிமனாகிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் மறுபடியும் நின்றது. இன்னும் மூன்று மரம் பாக்கி. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஜெயா, அவன் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சிவந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், கவிநேசன் சொன்னது சுத்தப் பேத்தல் என்று அவனிடமே சொல்லிக் காட்டுவதற்காகவாவது, தங்கையா மூடியைத் திருகினான். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். டேங்க் காற்றைக் குடித்தது. மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தான். சூடு ஆறாத மெஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது.

உடனே அணைத்துவிட்டு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் நடுவில் குண்டூசி முனை அளவு ஒரு துளை உண்டு. எண்ணெய் குறையக் குறையக் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் எண்ணெய் இறங்காது, இன்ஜின் நின்றுவிடும். அரை மணி நேரம் கிடத்தினால் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து போய்ச் சேரும். தான் வீணாகச் சூட்டின் மேல் பழி போட்டிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. துளையை நகத்தால் சுரண்டினான். மஞ்சளாக, காய்ந்து கெட்டிப்பட்டு, அடுக்கடுக்காக உதிர்ந்தது.

இரண்டு வார எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு அவன் நாக்கு நுனிக்கு வந்தது. திரும்பினான். ஜெயாவின் முகம் செத்துப் போயிருந்தது.

"நான் வச்ச சந்தனமாங்க?"

அவன் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைப் பார்த்தான்.

"எண்ணெய் குடிக்கிற எடமாச்சே, அதான் அதுக்கு வாயின்னு நெனச்சு அங்க வச்சேன். நீங்க அதத் தூக்கிட்டுப் போறப்பல்லாம், இன்னிக்கும் முழுசா வீட்டுக்கு வந்துரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வைப்பேன்."

நாக்கு நுனிக்கு வந்தது அப்படியே இறங்கிப்போனது. காயம் தன் காலோடு போயிற்று என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். ஒரு வருடமாக இவள் தினமும் அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள், தான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஊக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். ஜெயா தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, ஊதிப் பார்த்து, மூடியைப் போட்டான்.

அதற்குப் பிறகு எண்ணெய் ஊற்ற மட்டும்தான் மெஷினை அணைத்தான். சூட்டோடு சூடாக ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கட்டையும் குவியலில் விழுந்தது. அப்புசாமி வந்து குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெஷினில் அப்படி என்னதான் ரோசாக், என்ன கோளாறு என்று கேட்டார்.

"மூடியில அழுக்கு அடைச்சிருச்சுண்ணே. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்லா" என்றான் தங்கையா.

"அழுக்கு இல்லண்ணே, நான் வச்ச சந்தனம்" என்றாள் ஜெயா. "கோயிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்காகப் பொய் சொல்றாரு."

அப்புசாமி தொப்பை குலுங்கச் சிரித்தார். லாரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தங்கையா கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மனசு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை குருபோங்கில் ஒரு வீட்டில் மரம் வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மெஷினைத் தூக்கியபோது ஜெயா சந்தனக் கிண்ணத்தோடு வரவில்லை, அடுப்படியிலேயே நின்றாள். தங்கையா மெஷினை வாசலில் வைத்துவிட்டுச் சாமி மேடைக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அவள் முன்னால் குனிந்து நெற்றியை நீட்டினான்.

"இங்க ஓட்டை ஒன்னும் இல்ல. தடியாவே வை."