பக்கத்து கம்பெனி நாற்றம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே நாற்றம் அடித்தாலும் அது பக்கத்து கம்பெனியின் நாற்றம்தான். தன் கம்பெனி நாறியதாக இன்றுவரை ஒருத்தராவது ஒப்புக்கொண்டதுண்டா? மூச்!

2006-ல் ஒரு நாள் பழவேற்காட்டு மெஹர்னிசாவும் அதையேதான் சொன்னாள். மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் கந்தகம் கலந்த வளையச் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். சூடு ஏறினால் அது கந்தக டை ஆக்சைடைக் கக்கிவிட்டு உடையும். மிஞ்சும் மூலக்கூறு கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது. குடுவையில் தயாராக இருக்கும் வேறொரு மூலக்கூறை அந்த நேரத்துக்குள் அது கவ்விக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் கவ்வாமல் உயிரை வாங்கியது, அன்றைக்குக் கவ்வத் தொடங்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கக்கிய வாயுவை அடக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலோ சத்துப் போய்க் கிடந்தது. மாற்றுவதென்றால் சூட்டை நிறுத்த வேண்டும். இந்த ஒரு தடவைதானே என்று விட்டுவிட்டாள். புகைக்குழாயின் வாய் கேன்டீன் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது அவளுக்குத் தெரியாததா?

கேன்டீன் குப்பம்மாளுக்கு ஏற்கெனவே இளைப்பு. இருமி இருமிச் சுருண்டு விழுந்தாள். "பக்கத்து கம்பெனிக்காரன் உட்டுட்டான்யா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "ஆமா, அவங்கதான்" என்றாள் ஓடிவந்த மெஹர்னிசா. பாழாய்ப்போன வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மனசு அறிந்தேதான் பேசாமல் இருந்தது.

கூச்சல் கேட்டு வந்த பக்கத்து கம்பெனி சூப்பர்வைசர் மோசஸ்தான் தன் வேனில் குப்பம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மெஹர்னிசாவும் ஏறிக்கொண்டாள்.

"எந்த கேஸ மூச்சுல இழுத்தாங்க?" என்றார் டாக்டர்.

"எங்க கிட்ட குளோரின்தான் சார் கீது. வால்வெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் சொல்றாங்கன்னா எங்களுதாத்தான் இருக்கும்." நரைத்த தலையோடு மோசஸ் குனிந்து குப்பம்மாளின் காலைத் தொட்டார். "மன்னிச்சுக்கோ தாயி."

மெஹர்னிசாவுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. டாக்டர் குளோரின் என்று எழுதப் போனார்.

"குளோரின் இல்ல டாக்டர். சல்ஃபர் டை ஆக்சைடு. நான்தான் வெளிய விட்டேன்."

மோசஸ் சுவரோரம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பம்மாள்தான் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"கேஸு வுட்டத வுடு பாப்பா," என்று மூச்சு வாங்கினாள். "அந்த ஆளு என் கால்ல உழுந்தாரே, அப்ப இன்னாத்துக்குப் பாத்துக்கினு நின்ன?"